விவேகப் பிரகாச வாசிகசாலையின் ககான்

நெடுந்தீவு மேற்கு விவேகப் பிரகாச வாசிகசாலையில் ஒரு புத்தகத்தை எடுத்து வாசிப்பதென்றால் தலைவர், உபதலைவர், காரியதரிசி மூன்று பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பு தலைவரிடம் இருந்தது. அலுமாரி நிற்கும் அறையின் திறப்பு உபதலைவரிடம் இருந்தது. காரியதரிசியிடம் திறப்பு ஒன்றும் இல்லை, ஒரு கொப்பி இருந்தது. யார் யாருக்கெல்லாம் புத்தகம் கொடுக்கப்படவில்லை என்பதை அவர் அதில் எழுதிவைப்பார். இந்த ஒழுங்கினால் பதினெட்டு வருஷத்தில் ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை என்று ஆண்டறிக்கையில் வருஷாவருஷம் பெருமையோடு அச்சாகும்.

காரியதரிசி சண்முகரத்தினத்துக்குத் தபாற்கந்தோரில் வேலை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த எழுத்தை ஒருநாள் தலைவர் ஒரு மணியோடர் படிவத்தில் கண்டுவிட்டார். அடுத்த ஞாயிறே ஆள் காரியதரிசி. வேண்டாம் என்று சொல்வதற்கு முதல் மாலை போட்டுவிட்டார்கள்.

1964ஆம் ஆண்டு சித்திரையில் இந்தச் சண்முகரத்தினம் தன் வாழ்நாளில் முதன்முறையாகச் சபையிடம் ஒரு காரியம் கேட்டார். மனைவி அன்னபூரணம் அப்போது நாலு மாதம். இதற்கு முந்திய பிள்ளை, வலி கண்டு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு வள்ளத்தில் கொண்டுபோகும்போது நடுக்கடலில் பிறந்தது. பிறந்தபோதே உயிர் இல்லை. குறுக்கே கிடந்த பிள்ளை, யாராவது முன்பே கைவைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அதைப்பற்றி அந்த வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. கதைக்காமலே இருவருக்கும் அது ஒரு நாளும் மறப்பதில்லை.

புதிதாக வந்த டொக்டர் பரராசசிங்கம் ஒரு வழி சொன்னார். வியாழக்கிழமைகளில் லோஞ்சில் கடல் தாண்டி வந்து மேற்குப் பக்கத்துப் பிள்ளைத்தாச்சிப் பெண்களைப் பார்த்துப் போவாராம். கூரை போட்ட ஓர் அறையும் ஒரு மேசையும் போதும். ஆடி முடியமுதல் எழுத்தில் பதில் வராவிட்டால் அந்த வியாழக்கிழமை வேறு தீவுக்குப் போய்விடும். மேற்கில் மேசையும் கூரையும் சேர்ந்து இருந்த ஒரே இடம் வாசிகசாலை மண்டபம். அந்த மேசைக்குப் பின்னால் இருந்த ஒரே கதிரை தலைவருடையது.

சண்முகரத்தினம் அதை நிகழ்ச்சி நிரலில் இலக்கம் ஏழாகச் சேர்த்தார். இலக்கம் ஒன்று தேவாரம். இரண்டு சென்ற கூட்டத்தின் அறிக்கை. மூன்று தலைமையுரை. கூட்டம் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி, வெளிச்சம் மங்கியதும் முடியும். தலைமையுரையும் வெளிச்சம் மங்கியதும்தான் முடியும். ஆகவே அந்த வாசிகசாலையில் இலக்கம் நாலைக் கண்டவர் எவரும் இல்லை.

தலைவர் இரத்தினசபாபதி மலாயாவில் ரெயில்வேயில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்த பென்சன்காரர். வரும்போது ஒரு கம்பளிப் போர்வையும், உலகத்து அரசர்களைப் பற்றிய அட்டை கழன்ற ஓர் ஆங்கிலப் புத்தகமும் கொண்டுவந்தார். கூட்டத்தில் சண்முகரத்தினம் அதை வாசித்துத் தமிழில் சொல்ல, தலைவர் விரிவுரை செய்வார். அந்த வைகாசியில் பழந்துருக்கியரின் ஆசியப் புல்வெளியை ஆண்ட பூமின் ககான் என்ற அரசரின் சரித்திரம் வந்து சேர்ந்தது. ககான் என்றால் அரசருக்கெல்லாம் அரசர் என்று சண்முகரத்தினம் சொன்னதும் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தி இருந்தவர், ஐயா. முதலிலை வேறொரு அரசனுக்குக் கீழை இருந்தவராம். அவரின்ரை ஆக்கள் மலையிலை இரும்பு உருக்கி அடிக்கிறவை.”

“நில்லும்,” என்றார் தலைவர். “ஆர் இரும்படிக்கிறது?”

“ககான்ரை ஆக்கள்.”

உபதலைவர் கைலாசபதி மெல்லக் கனைத்தார். வாசிகசாலையின் சட்டவிதிகளான யாப்பை முழுக்க மனப்பாடமாக வைத்திருந்தவர் அவர். “காரியதரிசி, அப்ப ஆள் என்ன பகுதி, என்ன சாதி?”

“அது புத்தகத்திலை போடேல்லை.”

“போடாமல் என்னெண்டு ஒரு மனிசனைப் பற்றிப் புத்தகம் எழுதிறது?” என்று கைலாசபதி உண்மையாகவே வியப்போடு கேட்டார்.

அன்று ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. முடிவில், ககான் நல்ல குடும்பத்தவர், இரும்புச் சுரங்கங்களுக்குச் சொந்தக்காரர், அடித்தவர்கள் கூலிக்காரர் என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர் இல்லை. அடுத்த ஞாயிறு, பூமின் தன் மேலரசனிடம் பெண் கேட்டதையும், ‘நீ எனக்கு இரும்படிக்கிற அடிமை, பெண் கேட்க உனக்கு என்ன துணிவு’ என்று அவன் ஆள் அனுப்பித் திட்டியதையும் சண்முகரத்தினம் வாசித்தார். சாதகம் பொருந்தாமையால் சம்பந்தம் தவறியது என்று அறிக்கையில் எழுதும்படி சபை பணித்தது. எழுதினார். பிறகு பூமின் சீனத்து அரசகுமாரியைக் கட்டி, படை திரட்டி, தன்னைத் திட்டியவனைப் போரில் தோற்கடித்துக் ககான் பட்டம் சூட்டிக்கொண்ட இடம் வந்தபோது தலைவரின் கண் கலங்கிவிட்டது. மலாயாவில் தன்னை ஸ்டேசன் மாஸ்டராக்க மறுத்த வெள்ளைக்காரனை நினைத்திருக்க வேண்டும். அந்த வெள்ளைக்காரனைப் பற்றி வெளிச்சம் மங்கும்வரை பேசினார்.

இலக்கம் ஏழு எட்டாவது தடவையாக ஒத்திவைக்கப்பட்டது.

வீட்டில் அன்னபூரணம் வாசலிலேயே நின்றாள். அவளுக்கு இப்போது ஆறு மாதம்.

“இண்டைக்கு என்னவாம்?”

“துருக்கி அரசனுக்குக் கலியாணம் முடிஞ்சுது.”

“சந்தோசம். அவனுக்குப் பிள்ளை பிறக்கமுதல் எனக்குப் பிறந்திடும்,” என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள். பானை மூடி விழுந்த சத்தத்திலேயே அவளுடைய கோபத்தின் அளவு தெரிந்தது.

ஆனி மாதம் பொதுக்கூட்டம் கூடி, இரத்தினசபாபதியைப் பத்தொன்பதாவது தடவையும் ஏகமனதாகத் தலைவராக்கியது. பதவியேற்பு விழாவுக்குப் பெரிய மனிதர் யாரையாவது கூப்பிடுவது வழக்கம். கச்சான் காற்று அள்ளிக் கொட்டுகிற காலத்தில் கடல் தாண்டி நெடுந்தீவுக்கு வர ஒரு பெரிய மனிதரும் இசையவில்லை. ஆறு பேருக்கு எழுதி, ஆறு பேரிடமிருந்தும் வாழ்த்துச் செய்தி வந்தது. இந்தச் சோர்வில் இருந்தபோதுதான் சண்முகரத்தினம் ககானுடைய பட்டாபிஷேகப் பக்கத்தை வாசித்தார்.

“அந்த நாட்டு வழக்கம் இப்பிடியாம், ஐயா. அரசனாகப் போறவரை ஒரு கம்பளத்திலை இருத்தித் தூக்கி, சூரியன் சுத்திற பக்கமா ஒன்பது தரம் சுத்துவினம். ஒவ்வொரு சுத்துக்கும் எல்லாரும் கும்பிடுவினம். பேந்து குதிரையிலை ஏத்துவினம். பேந்து பட்டுத் துணியைக் கழுத்திலை போட்டு…”

“பொன்னாடை!” என்றார் தலைவர். “பாத்தீரோ, எங்கடை வழக்கம் எவ்வளவு தூரம் போயிருக்குது!”

“இல்லை ஐயா, போர்த்தேல்லை. இறுக்கிறது. மூச்சுத் திணறுமட்டும் இறுக்கிப்போட்டு, தளர்த்தி, ‘எத்தினை வருஷம் எங்களை ஆளுவீர்’ எண்டு கேப்பினமாம். ஆள் மயக்கத்திலை எந்த இலக்கத்தைச் சொல்லுதோ, அவ்வளவு வருஷந்தான் ஆட்சி.”

வேறு எந்த மனிதனும் இந்த இடத்தில் புத்தகத்தை மூடச் சொல்லியிருப்பான். தலைவர் அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். “வருஷா வருஷம் தேர்தல், வருஷா வருஷம் பதவியேற்பு. எவ்வளவு வீண் செலவு! ஒரேயடியா இலக்கத்தைச் சொல்லிவிட்டால் பேந்து ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை. நான் பதவி ஆசை பிடிச்ச ஆளில்லை எண்டு உங்களுக்குத் தெரியும். ஆனால் ககான் தாங்கினதை நான் தாங்கமாட்டனோ?”

இருபத்தைந்து என்று சொல்வதாக அவர் அப்போதே முடிவுசெய்துவிட்டார். வீட்டில் கண்ணாடிக்கு முன் நின்று, கழுத்தைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு, ‘இருபத்தைந்து, இருபத்தைந்து’ என்று பழகியதைப் பின்வளவில் ஓலை பொறுக்கியவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

விழாவைப் பற்றிய தீர்மானத்துக்குக் கைலாசபதி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். “துணியைத் தளர்த்திப்போட்டுக் கேக்கிறது முறையில்லை. தளர்த்தினால் ஆள் யோசிக்கும். யோசிச்சால் உண்மை வராது. ஆனபடியால் பதில் வருமட்டும் இறுக்கிறது, பதில் வந்தாப் பிறகு தளர்த்திறது எண்டு மாத்த வேணும்.”

“இறுக்கி இருந்தால் எப்பிடி ஐயா வாய் திறந்து சொல்லுறது?” என்று சண்முகரத்தினம் கேட்டார்.

“காரியதரிசிக்கு வாக்குரிமை இருக்கு, பேச்சுரிமை இல்லை. யாப்பு, பதினோராம் பிரிவு,” என்றார் கைலாசபதி.

திருத்தம் நிறைவேறியது. தலைவரும் ஆதரித்துக் கை தூக்கினார். பிரதம விருந்தினருக்கு ஆள் இல்லாததால், சண்முகரத்தினம் டொக்டர் பரராசசிங்கத்தின் பெயரைச் சொன்னார். பெரிய டொக்டர், கடலுக்கும் பயப்படாதவர், தலைவருக்குப் பக்கத்தில் இருந்தால் படத்துக்கும் நல்லாயிருக்கும் என்றார். உண்மையில், விழாவில் மனம் குளிர்ந்து போயிருக்கும் தலைவரிடம் டொக்டர் நேரடியாக அறையைக் கேட்டுவிடட்டும் என்பதே அவருடைய எண்ணம். ஆடி முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

விழா வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நடந்தது. டொக்டர் சப்பாத்தெல்லாம் உப்புத் தண்ணீர் ஊறி வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலை வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். “காரியதரிசி, இந்த அஞ்சாவது… பகிடியோ?” என்று கேட்டார்.

“இல்லை டொக்டர். தீர்மானம்.”

மலாயாக் கம்பளியில் தலைவரை இருத்திப் பத்துப் பேர் தூக்கினார்கள். இருநூறு இறாத்தல் மனிதர். ஒன்பது சுற்றும் முடிந்து இறக்கியபோது அவர் தெற்கே நின்ற பனைமரத்தைப் பார்த்துச் சபையோரே என்று பேசத் தொடங்கினார். திருப்பிவிட்டார்கள். பிறகு குதிரை. தீவில் அலைந்து திரியும் கட்டைக் குதிரைகளில் ஒன்றைச் சபை உறுப்பினர் ஏரம்பு மூன்று நாள் துரத்திப் பிடித்து வைத்திருந்தார். தலைவர் ஏறியதும் இரண்டு காலும் நிலத்தில் முட்டின. குதிரை தன்மேல் ஒருவர் இருப்பதையே கவனியாமல் தலைவருடைய மாலையைத் தின்று முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கேணிக்குப் போனது. சபையோரும் ‘ககானுக்கு ஜே’ என்று கேணிவரை போய்த் திரும்பினார்கள்.

அதன்பிறகு பட்டு. ஏரம்பு வள்ளம் கட்டுகிற ஆள். அவர் போட்ட முடிச்சு கச்சான் காற்றிலும் அவிழ்ந்ததில்லை என்பதற்காகவே அவரைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். கழுத்தில் சால்வையைச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, இரண்டு பக்கமும் ஒரு இழுவை இழுத்தார்.

“எத்தினை வருஷம் எங்களை ஆளுவீர்?” என்று கைலாசபதி உரத்துக் கேட்டார்.

தலைவர் வாயைத் திறந்தார். இருபத்தைந்தின் முதல் எழுத்துக்கு வாய் விரிந்தது. சத்தம் வரவில்லை.

“பதில் வரேல்லை. இறுக்கும்.”

ஏரம்பு இறுக்கினார். தலைவர் இரண்டு கையையும் விரித்து ஆட்டினார்.

“பத்து எண்டு காட்டிறார் போலை,” என்றார் ஒருவர்.

“ரண்டு தரம் காட்டினவர், இருபது,” என்றார் இன்னொருவர்.

“விரலை ஏற்க ஏலாது,” என்றார் கைலாசபதி. “வாய்மொழி எண்டுதான் தீர்மானத்திலை கிடக்கு. இறுக்கும்.”

தலைவரின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. ஏரம்பு பயந்துபோய், “அண்ணை, விடட்டோ?” என்று கேட்டார். விடுவதென்றால் தீர்மானத்தைத் திருத்த வேண்டும், திருத்துவதென்றால் கூட்டத்தைக் கூட்ட வேண்டும், கூட்டத்தைக் கூட்டத் தலைவருடைய வாய்மொழி அனுமதி வேண்டும் என்று கைலாசபதி விளக்கினார். அவர் பொல்லாதவர் அல்ல. அவருடைய நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. “தலைவர் அவர்களே, அனுமதி தாறியளோ?” என்று அவர் கெஞ்சியே கேட்டார்.

சண்முகரத்தினம் கொப்பியை எறிந்துவிட்டு ஓடிப்போய் முடிச்சைப் பிடித்தார். அது அசையவில்லை. “டொக்டர்!” என்று கத்தினார். டொக்டர் அதற்கு முன்பே பையைத் திறந்து கத்தரிக்கோலோடு மேடையில் ஏறிவிட்டார். சால்வை இரண்டாக வெட்டுப்பட்டு விழுந்தது. தலைவர் மேசையில் கிடந்து, கரையில் போட்ட மீனாக வாயைத் திறந்து மூடினார்.

“பட்டை வெட்டினதுக்கு ஆர் அனுமதி…” என்று யாரோ தொடங்கினார்கள்.

“வாயைப் பொத்தும்!” என்றார் டொக்டர். அந்த மண்டபத்தில் அப்படி ஒரு வசனம் அதற்குமுன் சொல்லப்படவில்லை.

தலைவருக்கு உயிருக்கு ஆபத்தில்லை, தொண்டை நன்றாக நசிந்துவிட்டது, பதினைந்து நாள் ஒரு சொல் பேசக்கூடாது, இரகசியம்கூடப் பேசக்கூடாது, பேசினால் குரல் நிரந்தரமாகப் போய்விடும் என்று டொக்டர் எழுதிக் கையெழுத்து வைத்தார். குரல் போய்விடும் என்றதும் தலைவர் தலையை வேகமாக ஆட்டி ஒப்புக்கொண்டார்.

மறுநாள் சண்முகரத்தினம் பார்க்கப் போனபோது, அவர் கட்டிலில் கிடந்தபடி புத்தகத்தைக் காட்டி, வாசி என்று சைகை செய்தார். அடுத்த பக்கத்தில், பட்டம் ஏறிய கொஞ்ச மாதத்திலேயே பூமின் ககான் காலமானார் என்று இருந்தது. சண்முகரத்தினம் அதை மெதுவாக வாசித்தார். தலைவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிறு நாலு மணிக்குக் கூட்டம் கூடியது. தலைவர் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தார். தேவாரம் முடிந்தது. அறிக்கை முடிந்தது. தலைமையுரை என்று அழைத்ததும் தலைவர் எழுந்து, சபையை ஒருமுறை பார்த்து, உட்கார்ந்தார். கைலாசபதி நன்றி சொன்னார். மணி நாலேகால். சபையோர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இலக்கம் நாலில் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. நாலு, ஐந்து, ஆறு மூன்றும் பயத்திலேயே நிறைவேறிவிட்டன.

“இலக்கம் ஏழு,” என்று சண்முகரத்தினம் வாசித்தார். “வியாழக்கிழமைகளில் மண்டபத்தை டொக்டருக்குக் கொடுத்தல்.”

தலைவர் துள்ளி எழுந்து இரண்டு கையையும் குறுக்கே வீசினார். கதிரையைத் தொட்டுக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஆராலும் விளங்கிக்கொள்ளக்கூடிய சைகைதான்.

“சைகையை அறிக்கையிலை சேர்க்க ஏலாது. வியாழக்கிழமையே தீர்ப்புச் சொன்னனான்,” என்றார் கைலாசபதி வருத்தத்தோடு. தலைவர் ஒரு கடதாசியைப் பிடுங்கி மளமளவென்று எழுதி நீட்டினார். கைலாசபதி அதை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி மடித்து வைத்தார். “இது கடிதம். கடிதங்கள் இலக்கம் ஒன்பது.”

இலக்கம் ஏழு நாலு மணி இருபத்திரண்டு நிமிஷத்துக்கு நிறைவேறியது. சண்முகரத்தினம் அன்று இரண்டு மைல் தூரத்தையும் ஓடியே வீட்டுக்குப் போனார். அன்னபூரணத்துக்கு அவருடைய முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முதல் வியாழக்கிழமை டொக்டர் அன்னபூரணத்தின் வயிற்றில் கைவைத்து நெடுநேரம் பார்த்தார். இந்தப் பிள்ளையும் குறுக்கேதான் கிடந்தது. பயப்பட ஒன்றும் இல்லை, இன்னும் திரும்ப நேரம் இருக்கிறது, ஒவ்வொரு கிழமையும் பார்க்க வேண்டும், திரும்பாவிட்டால் வலி வரமுதலே கடல் தாண்டிக் கூட்டிப்போவோம் என்றார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த சண்முகரத்தினம் வருகிற வியாழக்கிழமைகளின் திகதிகளை எல்லாம் கொப்பியில் வரிசையாக எழுதினார்.

இரண்டாம் வியாழக்கிழமையோடு தலைவருடைய பதினைந்து நாளும் முடிந்தது. அவர் எல்லோருக்கும் முதல் ஆளாக வந்து கதிரைக்கு முன் நின்றார். கதிரையில் டொக்டர் இருந்தார். தலைவருடைய சட்டைப் பையில், இலக்கம் ஏழை இரத்துச் செய்வதற்கான விசேட கூட்ட அழைப்பு தயாராக இருந்தது. வாயைத் திறந்து அனுமதி என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

டொக்டர் டோர்ச்சை அடித்து, நாக்கை அமர்த்தி, தொண்டைக்குள் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். தலையை ஆட்டினார். “இன்னும் வீக்கம் இருக்கு ஐயா. ஒரு சொல் கதைச்சாலும் நான் பொறுப்பில்லை. அடுத்த வியாழன் வாருங்கோ.”

தலைவர் இரண்டு கையாலும் கழுத்தை ஏந்திக்கொண்டு, பூனை நடை நடந்து வெளியே போனார். வாசலில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள்.

சண்முகரத்தினத்துக்கு மனம் கேட்கவில்லை. என்ன இருந்தாலும் வயதுபோன மனிதர். கதவைச் சாத்திவிட்டு வந்து, “டொக்டர், உண்மையைச் சொல்லுங்கோ. அவரின்ரை தொண்டை அவ்வளவு மோசமோ?” என்று கேட்டார்.

“ஒண்டும் இல்லை. என்ரை தொண்டையை விட நல்ல தொண்டை,” என்றார் டொக்டர், பேனாவைத் திறந்துகொண்டு. “உம்மடை மனிசிக்கு எத்தினை மாதம்?”

“எட்டு தொடங்கிட்டுது.”

“வெளியிலை நிக்கிற மற்றப் பிள்ளைத்தாச்சியளிலை ஆகக் கடைசி?”

“ஏரம்பண்ணையின்ரை மகள். நாலு மாதம் முடிஞ்சுது.”

டொக்டர் விரல்விட்டு எண்ணினார். “அப்ப தைப்பொங்கல் மட்டும் அவருக்கு வீக்கம் வத்தாது. அடுத்த ஆளை வரச் சொல்லும்.”